உஷார்! குண்டாஸ் விழுந்த வீட்டில் முதலில் தேட வேண்டியது காலண்டர்

கவரைப்பேட்டை ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் அந்த அக்கா மஞ்சப்பையைப் பிரித்தபோது மாலை ஆறரை இருக்கும். கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த லோக்கல், சிப்காட் ஆட்களைக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. பைக்குள்ளிருந்து வந்தது ஒரு ஜெராக்ஸ் கட்டு. செங்கல் கனம். மேல் பக்கத்தில் கலெக்டர் உத்தரவு, கீழே எஃப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலம், ரிமாண்ட் காகிதம் என்று வரிசையாக. நடுவில் சில பக்கங்கள் கரிக்கட்டையால் தேய்த்ததுபோல் கறுப்பாக இருந்தன.

“பெயிலு போட்டிருக்குது தம்பி. இந்த வாரம் பையன் வந்துடுவான்னு சொல்றாரு.”

“யாருக்கா சொல்றது?”

“கோர்ட்டாண்ட ஒருத்தரு இருக்காரு. வக்கீல் இல்ல. வக்கீலுக்குத் தெரிஞ்சவரு.”

உத்தரவின் முதல் பத்தியிலேயே ‘தமிழ்நாடு சட்டம் 14/1982’ என்று இருந்தது. குண்டாஸ். புழல் சிறையில் வைத்துப் பையனிடம் கையெழுத்து வாங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டேன். விரலை மடக்கி எண்ணினார். இருபத்தாறு நாள்.

அதற்குப் பிறகு எனக்கு டீ இறங்கவில்லை.

இந்த ஊரிலும், கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்திலும் பிள்ளையோ புருஷனோ உள்ளே இருக்கிற வீடுகளில் எல்லாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெயில் என்பது கேஸுக்கு. குண்டாஸ் என்பது கேஸே அல்ல. குண்டாஸ் உத்தரவு உயிரோடு இருக்கும்வரை பத்து கேஸில் பெயில் கிடைத்தாலும் சிறைக் கதவு திறக்காது. அந்த அக்கா 26 நாளாகத் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். தட்டச் சொல்லி ஒருவர் காசும் வாங்கிக்கொண்டிருந்தார்.

குண்டாஸ் என்று நாம் வாய்க்கு வந்தபடி சொல்வது எம்.ஜி.ஆர். ஆட்சியில், 1982-ல் வந்த சட்டம். கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடித்தனம், பாலியல் தொழில் நடத்துவது, குடிசைப் பகுதி நிலத்தை வளைப்பது ஆகியவைதான் முதலில் இருந்தன. பிறகு திருட்டு வீடியோ சேர்ந்தது, மணல் கடத்தல் சேர்ந்தது. 2014-ல் சைபர் குற்றமும் பாலியல் குற்றமும் உள்ளே வந்தன. ‘நம்ம பையன் ரவுடியா என்ன, நமக்கு ஏன் குண்டாஸ்’ என்று அசட்டையாக இருக்க முடியாது. பெயர்தான் குண்டர் சட்டம். வலை அதைவிடப் பெரிது. தடுப்புக்காவலில் அதிகம் பேரை வைத்திருக்கிற மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு பல வருஷமாக முன்னால்தான் நிற்கிறது.

செய்த குற்றத்துக்கு இது தண்டனை இல்லை. இனிமேல் செய்யக்கூடும் என்று அதிகாரி நினைப்பதால் அடைத்து வைப்பது. விசாரணை கிடையாது, சாட்சிக் கூண்டு கிடையாது, தீர்ப்பும் கிடையாது. கவரைப்பேட்டை போல மாவட்டப் போலீஸ் எல்லையில் என்றால் திருவள்ளூர் கலெக்டர் கையெழுத்து. ஆவடி கமிஷனரேட் எல்லையில் என்றால் கமிஷனர் கையெழுத்து. அந்த ஒரு கையெழுத்தில் 12 மாதம்வரை உள்ளே வைக்கலாம். பெரும்பாலும் ஆள் ஏற்கெனவே ஏதோ ஒரு வழக்கில் ரிமாண்டாகி புழலில் இருப்பார். பெயில் கிடைத்து வெளியே வந்துவிடுவாரோ என்கிற நேரத்தில் இந்தக் கட்டு அவர் கைக்கு வரும்.

இதை உடைக்கிற இடம் உயர் நீதிமன்றம். ஆயுதம் ஆட்கொணர்வு மனு. வக்கீல்கள் ஹெச்.சி.பி. என்பார்கள். அரசியல் சாசனத்தின் 226-வது பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். 32-வது பிரிவில் நேரே உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். இந்த இரண்டாவது வழியில் முதன்முதலாகப் பெரிய வழக்காக வந்து நின்றதே நம்முடைய பழைய சென்னை மாகாணத்துச் சிறைக் கைதிதான். கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1950 மே மாதம் தீர்ப்பு. அவர் வெளியே வரவில்லை. ஆனால், எதற்காக அடைத்தோம் என்ற காரணத்தைக் கோர்ட்டிடம்கூடச் சொல்லக் கூடாது என்று அன்றைய தடுப்புக்காவல் சட்டத்தில் இருந்த பிரிவை நீதிபதிகள் அடித்துத் தள்ளினார்கள். இன்று அந்த அக்காவின் மஞ்சப்பையில் இவ்வளவு காகிதம் இருப்பதற்கு அந்த வழக்கிலும் ஒரு வேர் இருக்கிறது.

இப்போது நாள் கணக்கு. டீக்கடைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரை இறக்கச் சொல்லி, அக்காவுக்கு எண்ணிக் காட்டினேன்.

பையன் அடைக்கப்பட்ட நாளிலிருந்து 5 நாளுக்குள் காரணங்களை அவன் கையில் கொடுத்திருக்க வேண்டும். உத்தரவு போட்ட 12 நாளுக்குள் மாநில அரசு அதை ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் உத்தரவு தானாகச் செத்துவிடும். அடைத்தது சரியா என்று பார்க்கிற அறிவுரைக் கழகத்துக்கு 3 வாரத்துக்குள் கோப்பு போயிருக்க வேண்டும். 7 வாரத்துக்குள், அதாவது 49 நாளுக்குள், அந்தக் கழகம் தன் கருத்தைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கெடுக்களெல்லாம் அரசுக்கு. ஆனால் அரசு கெடு தவறியதா என்று பார்க்க வேண்டியது யார்? உள்ளே இருப்பவனுக்குக் காலண்டர் இல்லை. வெளியே இருப்பவர்தான் எண்ண வேண்டும். அதனால்தான் சொல்கிறேன்: உத்தரவு தேதி, கைக்கு வந்த தேதி, அரசு ஒப்புதல் தேதி, இந்த மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கட்டு கைக்கு வரும்போது பையனே தன் கையால் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். வெற்றுக் கையெழுத்துக் கூடாது.

அமெரிக்காவில் ஆட்கொணர்வு மனுவுக்கு நாள் கணக்கு எப்படி என்று ஒரு நடை பார்த்துவிட்டு வருவோம். அங்கே ஒரு மாநிலச் சிறையில் இருக்கும் தண்டனைக் கைதி, மாநில கோர்ட் படிகளையெல்லாம் ஏறி இறங்கிய பிறகு, மத்திய அரசின் ஃபெடரல் கோர்ட்டில் ஹேபியஸ் மனு போடலாம். 1996-ல் வந்த ஒரு சட்டம் அதற்கு ஒரு வருஷம் என்று கெடு வைத்துவிட்டது. எண்ணிக்கையில் தவறினால், வழக்கில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் பெரும்பாலும் கதவு மூடல்தான். நம் ஊரில் ஆட்கொணர்வு மனுவுக்கு அப்படிக் கெடு எதுவும் கிடையாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இங்கே அந்த ஒரு வருஷம் வேறு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. குண்டாஸின் உச்சபட்சக் காலமே 12 மாதம். மனு வரிசையில் கிடந்து பதினோராவது மாதம் உத்தரவு உடைந்தால் வக்கீலுக்கு வெற்றி, பையனுக்கு என்ன? ஒரு மாதம் மிச்சம். கெடு இல்லையே என்று ஆறப்போடுகிற குடும்பம் இந்த இடத்தில்தான் தோற்கிறது.

மனுப் போடுவதற்கு முன்னால், இல்லை, அதோடு சேர்த்தே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. புரோக்கர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் இதற்குக் காசு செலவில்லை. ரெப்ரசன்டேஷன் என்கிற முறையீடு. ‘என்னை அடைத்தது தவறு, இன்ன காரணத்தால், இன்ன காகிதம் தரவில்லை, விடுதலை செய்யுங்கள்’ என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி மூன்று பேருக்கு அனுப்ப வேண்டும். உத்தரவு போட்ட அதிகாரிக்கு ஒன்று. தலைமைச் செயலகத்தில் உள்துறை, மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கு ஒன்று. அறிவுரைக் கழகத்துக்கு ஒன்று. உள்ளே இருப்பவர் சிறைக் கண்காணிப்பாளர் மூலம் அனுப்பலாம். வீட்டார் தபாலிலும் அனுப்பலாம். கலெக்டருக்கு அனுப்புவது முதல் 12 நாளுக்குள் என்றால்தான் உயிருள்ள காகிதம். அரசு ஒப்புதல் தந்த பிறகு உத்தரவைத் திரும்பப் பெறுவது அவர் கையில் இல்லை. அக்கா விஷயத்தில் அந்த வாய்ப்பு ஏற்கெனவே போய்விட்டது.

இந்த ஒரு தாளுக்கு என்ன வலிமை என்று கேட்பீர்கள். அரசியல் சாசனம் 22(5)-ன்படி அந்த முறையீட்டை அரசு தாமதமில்லாமல் பரிசீலித்தாக வேண்டும். எத்தனை நாள் என்று எண் எதுவும் இல்லை; ஆனால் நகராமல் கிடந்த ஒவ்வொரு நாளுக்கும் அரசு காரணம் சொல்ல வேண்டும். ராஜம்மாள் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. அதில் கோப்பு ஐந்து நாள் நின்றிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்றார்கள். சுற்றுப்பயணம் ஒரு காரணமா என்று கேட்டு உத்தரவையே ரத்து செய்தது கோர்ட். குற்றம் நடந்ததா இல்லையா என்ற பேச்சுக்கே போகவில்லை. அந்த ஐந்து நாள் போதுமானதாக இருந்தது.

முறையீடே அனுப்பாதவன் வழக்கில் இந்த வாதத்துக்கு இடமே இல்லை. அனுப்பியதற்கு ரசீது இல்லாதவனுக்கும் ஏறக்குறைய அதே கதி. தபாலில் ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. கவுன்டரில் குழப்பம் வேண்டாம், ஸ்பீட் போஸ்ட் என்று சொல்லி, சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டும் என்றும் கேளுங்கள்.

அடுத்தது அந்தக் கட்டு. வக்கீல்கள் ‘புக்லெட்’ என்பார்கள். புழலில் மனுப் போட்டுப் பார்க்கப் போகும்போது பையன் அதை வெளியே கொடுத்துவிடுவான். அது வீட்டில் அலமாரி மேலே ஏறும், இல்லாவிட்டால் புரோக்கரின் பைக்குள் போகும். இரண்டுமே ஆபத்து. குண்டாஸ் உடைவது பெரும்பாலும் இந்தப் பக்கங்களுக்குள்தான்.

பொவனம்மாள் எதிர் தமிழ்நாடு அரசு என்று 1999-ல் ஒரு தீர்ப்பு. அந்த அம்மாவுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அதிகாரி நம்பியிருந்த ஒரு ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தது. அதன் தமிழ் நகல் தரப்படவில்லை. புரியாத காகிதத்தை வைத்துக்கொண்டு ஒருவர் எப்படி முறையீடு எழுதுவார் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. ஆகவே பக்கம் பக்கமாகப் புரட்டுங்கள். பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பக்கத்துக்குத் தமிழ்ப் பக்கம் இருக்கிறதா? தமிழில் ஒரு தேதியும் ஆங்கிலத்தில் வேறு தேதியும் இருக்கிறதா? அக்காவின் கட்டில் கறுத்துப்போன பக்கங்கள் என்றேனே, அவை எதன் நகல் என்று எனக்குத் தெரியவில்லை, அவர் பையனுக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பக்கங்களைப் பார்த்து அக்கா, “ஜெராக்ஸ் மெஷின் சரியில்ல போல” என்றார். ஜெராக்ஸ் மெஷின் சரியில்லாததுதான் அக்கா உங்க பையனுக்கு அதிர்ஷ்டம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலையிலும் அவர் இல்லை.

வேலைக்கு வந்த வெளிமாநிலப் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் பெரிது. சிப்காட்டில் ஒடிசா, பிகார் ஆட்கள் எத்தனை பேர் என்று இந்தப் பக்கத்து மளிகைக் கடைக்காரரைக் கேட்டாலே தெரியும். அவர்களுக்குத் தமிழ்க் கட்டைக் கொடுத்தால் அது கொடுத்ததாகவே ஆகாது. அவர்களுக்குப் புரிகிற மொழியில் வர வேண்டும். ஒடிசாவிலிருந்து போன ஹாதிபந்து தாஸ் வழக்கிலேயே, வாயால் மொழிபெயர்த்துச் சொன்னோம் என்ற பதில் எடுபடவில்லை. ஆனால் அந்தப் பையனுக்காக இதைச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்? வீடு ஆயிரம் மைலுக்கு அப்பால். மேஸ்திரி போனை எடுக்க மாட்டார். ஆட்கொணர்வு மனுவைச் சொந்தக்காரர்தான் போட வேண்டும் என்று இல்லை, நண்பரும் போடலாம். அறை எடுத்துக் கூடத் தங்கியிருப்பவர் இதைப் படித்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

கட்டின் முதல் சில பக்கங்களில் ஒரு கதை இருக்கும். கத்தியைக் காட்டி மிரட்டினார், பொதுமக்கள் அலறியடித்து ஓடினார்கள், கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கினார்கள் என்று. ஊர் மாறும், பெயர் மாறும், ஷட்டர் இறங்குவது மட்டும் மாறாது. இந்த வரி ஏன் எல்லாக் கட்டிலும் வருகிறது? ராம் மனோகர் லோகியா வழக்கில் 1965-லேயே உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டுவிட்டது. ரெண்டு பேர் அடித்துக்கொள்வது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. சாதாரணச் சட்டமே போதும். ஊரின் நடமாட்டமே குலைந்தால்தான் அது பொது ஒழுங்கு. தடுப்புக்காவல் இந்த இரண்டாவதற்கு மட்டும். ஆகவே ஷட்டர் இறங்கியே ஆக வேண்டியிருக்கிறது. அந்தத் தெருவில் அந்த நேரத்தில் கடையே இல்லை என்றால் அதைச் சொல்லுங்கள்.

அதற்குக் கீழே இன்னொரு வரி வரும். ‘இதேபோன்ற வழக்கில் வேறொருவருக்குப் பெயில் கிடைத்திருக்கிறது, எனவே இவரும் வெளியே வந்துவிட வாய்ப்பு உண்டு’ என்பது மாதிரி. இந்த வரியில் கண்ணை வையுங்கள். ரேகா எதிர் தமிழ்நாடு அரசு, 2011. காலாவதியான மருந்து விற்றதாகச் சொல்லப்பட்ட ஒருவரைக் குண்டாஸில் போட்டார்கள். ‘இதேபோன்ற வழக்கு’ என்றார்களே தவிர, எந்த வழக்கு, என்ன நம்பர், எந்த கோர்ட், எந்தத் தேதியில் பெயில் என்று எதுவும் சொல்லவில்லை. நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு இருந்த மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ஏற்கவில்லை. சாதாரண குற்றச் சட்டமே சமாளிக்கக்கூடிய இடத்தில் தடுப்புக்காவல் கூடாது என்றும் அடித்துச் சொன்னது. இன்றும் உயர் நீதிமன்றத்தில் குண்டாஸ் வாதம் நடக்கும் நாளில் போய் உட்கார்ந்தால், ‘ரேகா’ என்ற பெயர் காதில் விழாமல் வெளியே வருவது கஷ்டம்.

அறிவுரைக் கழகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வக்கீல் பேச முடியாது, சட்டமே தடுக்கிறது. ஆனால் வக்கீல் அல்லாத ஒரு நண்பரின் உதவியைப் பெறலாம் என்று ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பலர் அங்கே போய், “தெரியாம நடந்துருச்சு ஐயா, இனிமே நடக்காது” என்று கும்பிடுகிறார்கள். அம்மாக்கள் அழுகிறார்கள். அழுவதைத் தவறென்று சொல்லவில்லை. ஆனால் ‘தெரியாம நடந்துருச்சு’ என்பது நடந்ததை ஒப்புக்கொள்கிற வாக்கியம். கையில் அந்த ஒரு பக்க முறையீட்டோடு போங்கள். எந்தப் பக்கம் படிக்க முடியவில்லை, எந்தக் காகிதம் தரவில்லை என்பதை அதில் எழுதியிருந்தால், வாய் தடுமாறினாலும் தாள் பேசும். கழகம் வெறும் முத்திரை குத்தும் இடமாக இருக்கக் கூடாது என்று 2024-ல் தெலங்கானா வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகவே சொன்னது. நடைமுறையில் கழகத்திலேயே விடுதலை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு ஹெச்.சி.பி.யைத் தள்ளிப்போட மட்டும் வேண்டாம்.

உயர் நீதிமன்றம் எவ்வளவு வேகம்? ஊரறிந்த ஒரு வழக்கைப் பார்ப்போம். யூடியூபர் சவுக்கு சங்கர் மீது 2024 மே 12-ல் குண்டாஸ் உத்தரவு. மனு உடனே போடப்பட்டது. மே 24-ல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். வழக்கு மூன்றாவது நீதிபதிக்குப் போனது. நடுவில் ஜூலை 18-ல் உச்ச நீதிமன்றம் இடைக்கால நிவாரணம் தந்தது. ஆகஸ்ட் 9-ல் உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. அடுத்த சில நாளில் வேறொரு வழக்கை வைத்து இரண்டாவது குண்டாஸ். அதை செப்டம்பரில் அரசே திரும்பப் பெற்றது. அவரைப் பற்றி உங்கள் கருத்து எதுவாகவும் இருக்கட்டும். கணக்கை மட்டும் பாருங்கள். டி.வி.யில் தினம் பெயர் வருகிற ஒருவருக்கு, நல்ல வக்கீல்கள் நின்ற வழக்கில், முதல் உத்தரவு உடையவே மூன்று மாதம். பேர் தெரியாத கவரைப்பேட்டைப் பையனுக்கு எவ்வளவு ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே வரிசையில் நம்பர் ஏறியிருக்க வேண்டும்.

இனி, குடும்பங்கள் விழுகிற இன்னொரு பள்ளம். குண்டாஸ் உடைந்த அன்று மாலை புழல் வாசலில் மாலையோடு போய் நிற்பார்கள். ஆள் வர மாட்டான். ஏன்? மூல வழக்கில் பெயில் எடுக்கவில்லை. குண்டாஸ் இருக்கும்போது பெயில் போட்டு என்ன பயன் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். குண்டாஸைத் தனியாக உடைக்க வேண்டும், பெயிலைத் தனியாக எடுக்க வேண்டும். இரண்டு பூட்டு, இரண்டு சாவி. அதிலும், வழக்கைப் பொறுத்து 60 நாளிலோ 90 நாளிலோ போலீஸ் குற்றப்பத்திரிகை போடாவிட்டால் பெயில் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் அதற்கு மனுப் போட வேண்டும். குற்றப்பத்திரிகை வந்துவிட்ட பிறகு போய்க் கேட்டால் அந்த உரிமை காற்றோடு போச்சு. அந்த அக்காவின் புரோக்கர் போட்ட பெயில் மனு வீண் என்று நான் சொல்லவில்லை. அது மட்டுமே போதும் என்று சொன்னதுதான் ஏமாற்று.

எதற்கெடுத்தாலும் ஹெச்.சி.பி. என்று சொல்கிறவர்களிடமும் உஷார். குண்டாஸ் இல்லாத சாதாரணக் கைதில், மாஜிஸ்திரேட் முறைப்படி ரிமாண்ட் செய்துவிட்டால் ஆட்கொணர்வு மனு பொதுவாக எடுபடாது. அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி விஷயத்தில் அவர் மனைவி போட்ட மனு, உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகச் சொல்லி, மூன்றாவது நீதிபதிக்குப் போனது. கடைசியில் 2023 ஆகஸ்ட் 7-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அங்கே வழி பெயில் மனுவும் ரிமாண்டை எதிர்ப்பதும்தான். அந்த மாதிரி வழக்கில் ‘ஹெச்.சி.பி. போட்டு நாளைக்கே எடுத்துடறேன்’ என்று ஒருவர் ஐம்பதாயிரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆனால், கூட்டிக்கொண்டு போய் 24 மணி நேரம் தாண்டியும் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தவில்லை, எந்த ஸ்டேஷன் என்றுகூடச் சொல்லவில்லை என்றால், அது வேறு கதை. அதற்குத்தான் இந்த மனு பிறந்ததே. ராத்திரியானாலும் வக்கீலை எழுப்புங்கள்.

தண்டனை விழுந்து புழலின் தண்டனைச் சிறையில் இருப்பவர்களுக்கும் நாள் கணக்கு உண்டு. உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் என்றால் பொதுவாக 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள். வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மூலமே அப்பீல் அனுப்பலாம். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். அமெரிக்காக்காரர்களைப்போல ஒரேயடியாகக் கதவு மூடிவிடாது. அதற்காகத் தூங்கவும் வேண்டாம்.

காசு விஷயம். காவலில் இருக்கும் எவருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அப்படிச் சொல்கிறது. 15100-க்கு போன் செய்யலாம். கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவில் கேட்கலாம். உயர் நீதிமன்றத்திலும் தனிக் குழு இருக்கிறது. இலவச வக்கீல் என்றால் அலட்சியமாக இருப்பார் என்று நம்மவர்களுக்கு ஒரு எண்ணம். அப்படிச் சிலர் இருக்கலாம். காசு வாங்கிக்கொண்டு அலட்சியமாக இருப்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். கோர்ட் கேன்டீனில் உட்கார்ந்து ‘பெஞ்ச் நமக்குத் தெரிஞ்சது’ என்று சொல்பவரிடம் மட்டும் புக்லெட்டின் ஒரிஜினலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு செட் ஜெராக்ஸ் வீட்டில், ஒன்று வக்கீலிடம். ஒரிஜினல் உங்கள் பீரோவில்.

அன்றைக்கே டீக்கடை மேசையில் முறையீட்டை எழுதினேன். அக்கா சொல்லச் சொல்ல, நான் கட்டைப் புரட்டப் புரட்ட, ஒன்றரைப் பக்கம் வந்தது. கறுத்த பக்கங்களின் எண்களை வரிசையாகக் குறித்தேன்: 61, 62, 88, 89, 90. ஒரு கையெழுத்தின் கீழே தேதியே இல்லை, அதையும் எழுதினேன். மறுநாள் காலை அவர் தபால் கவுன்டரில் இரண்டு கவர் கொடுத்தார், செயலாளருக்கு ஒன்று, கழகத்துக்கு ஒன்று. அங்கிருந்து தச்சூர் கூட்டுரோடு, காரனோடை, செங்குன்றம் வழியாக பஸ்ஸில் புழலுக்குப் போனார், பையன் தன் கையாலேயே ஒன்று எழுதி உள்ளேயிருந்து கொடுக்கட்டும் என்று சொல்ல. நான் லோக்கல் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பாரிமுனைக்கு நடந்து, சட்டப் பணிகள் குழு அறையில் நின்றேன்.

சாயந்திரம் திரும்பி வந்தபோது டீக்கடைக்காரர் காலண்டரை மறுபடியும் ஆணியில் மாட்டியிருந்தார். நாற்பத்தொன்பதாம் நாளில் நான் சிவப்புப் பேனாவால் போட்ட வட்டத்தைக் காட்டி, “அன்னைக்கு அமாவாசைங்க, கடை லீவு,” என்றார்.